குளியலறையில் வழுக்கி விழாதவன்

அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலையிடத்திலும் சரி, ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலும் சரி, அவன் ரசமட்டம்தான். தரைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. ஓரடி நீள ரசமட்டம் ஒன்று எந்நேரமும் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். பதித்த டைலின் மேல் அதை வைத்து, கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி நட்டநடுவில் வந்து நின்ற பிறகுதான் அடுத்ததை எடுப்பான். நூலிழை பிசகியிருந்தாலும் வீட்டுக்காரர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவான்: "இந்த வரிசை சரியா வரலைங்க. பேத்துட்டு மறுபடி போட்டுடறேன்." பட்டப்பெயரில் பாதி கருவிக்கு, மீதி குணத்துக்கு. அப்படிப் பேர் வாங்கியவன் நாலு மாதம் ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தான். அதுவும் முழு வாக்கியம்கூட இல்லை. ஒரே ஓர் எழுத்து.

முப்பத்தெட்டு வயதில் ஃபுட்பால் தேவையா என்று அவன் மனைவி கேட்காத வாரமில்லை. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களாகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆடுவது ஒரு மணி நேரம், ஆடியதைப் பேசுவது இரண்டு மணி நேரம். அப்படி ஒரு ஆட்டத்தில் பந்தைத் துரத்திப் போனவன் சட்டென்று திரும்பினான். வலது பாதம் புல்லில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம்.

மூட்டுக்குள் முன்பக்க ஜவ்வு முழுசாகக் கிழிந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாணை எடுத்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளை போட்டு, அதில் கோத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பேச்சு கறார்.

"மூணு மாசத்துல வலி போயிடும். நடக்கறது, மாடி ஏறறது எல்லாம் பழையபடி ஆயிடும். அப்பதான் ஆபத்து. உள்ள வெச்சது உடம்போட ஒட்டி ஜவ்வா மாற ஒன்பது மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மைதானம் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க."

அவன் தலையாட்டினான். மனைவி அதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை, பத்தொன்பது பிள்ளைகள். இரண்டு நடைக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள்.

"முப்பது வரைக்கும் அழுத்தணும். நீங்க இருபத்தஞ்சுல இருந்து முப்பதுக்குத் தாவறீங்க. எனக்குக் காது இருக்கு."

அவள் எண்ணியதால்தான் கால் நிமிர்ந்தது. நாலாவது மாதம் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போக ஆரம்பித்தான். சுவருக்கு டைல் பதிப்பது, விளிம்பு வெட்டுவது என்று முழங்காலை மடக்க வேண்டாத வேலைகள்.

ஐந்தரை மாதம் ஆனபோது ஒரு ஞாயிறு வந்தது. வேன் பிள்ளைகளை ஏதோ போட்டிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று மனைவி விடிந்ததும் கிளம்பினாள். போகிற அவசரத்திலும் குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனாள். ஒன்பது மணிக்குக் கோல்கீப்பர் போன் செய்தான்.

"ஒரு ஆள் குறையுதுடா. பத்து பேரோட எறங்கினா மானம் போயிடும். நீ ஓட வேணாம், பின்னால சும்மா நில்லு. தலை எண்ணிக்கைக்குத்தான்."

கால் எப்படி இருந்தது என்றால், நன்றாக இருந்தது. அதுதான் வினை. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஒரு நிமிடம் யோசித்த மாதிரி பாவனை செய்துவிட்டு அலமாரி மேல்தட்டிலிருந்து பூட்ஸை எடுத்தான்.

இருபது நிமிடம் சும்மாதான் நின்றான். பிறகு எதிரணியில் ஒரு வழுக்கைத்தலையன் பந்தோடு அவனைத் தாண்டிப் போனான். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது. சிரித்தானோ இல்லையோ, இவன் கால் அதற்குள் கிளம்பிவிட்டது. நாலாவது எட்டில் திரும்பினான். இந்தத் தடவை சத்தம் எதுவும் வரவில்லை. அடியில் கலவை இல்லாமல் பதித்த டைலை மிதித்தால் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழும்புமே, அதுபோல முழங்கால் உள்ளுக்குள் இறங்கி எழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கோல்கீப்பர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். பூட்ஸைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.

"வீட்டுல என்னடா சொல்லப்போற?"

"பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போனான். குனிய முடியாததால் தரையிலேயே உட்கார்ந்து, காலுறையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவி வாளிக்குள் அமுக்கினான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. முழங்கால் அதற்குள் ரொட்டிமாவு மாதிரி உப்பிவிட்டது. அப்போது வாசற்கதவு திறந்தது. போட்டி தள்ளிப்போய்விட்டதாம், மனைவி பாதி வழியிலேயே திரும்பி, பிள்ளைகளை வீடுவீடாக இறக்கிவிட்டு வந்திருந்தாள்.

ஈரத்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஐயையோ, வழுக்கிட்டீங்களா?"

சொல்ல வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லத்தான் திறந்தான் என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் வந்தது அதுவல்ல.

"ம்," என்றான்.

"நான்தான். அவசரத்துல சோப்பைச் சரியா அலசாமப் போயிட்டேன்." தேய்த்து மடிப்புக் கலையாத வேலை உடுப்போடு அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் தரையைப் பார்த்தான். அவனே தேடி வாங்கி, அவனே பதித்த தரை. குளியலறைக்கென்றே சொரசொரப்பான டைல், தண்ணீர் தேங்காத சரிவு. அதில் எண்ணெயை ஊற்றிவிட்டு ஓடினாலும் ஒருவன் விழ மாட்டான். அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் தரையைச் சந்தேகப்படவில்லை, அவனையும் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்றாள். "சுளுக்குதான், ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்" என்று மழுப்பினான். வீக்கம் வடிந்தது. ஆனால் கால் பழைய கால் இல்லை. மாடிப்படியில் இறங்கும்போது திடீரென்று கழன்று போகும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவான். திரும்பிப் பார்க்க யாராவது கூப்பிட்டால் முதலில் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் உடம்பைத் திருப்புவான்.

அவள் குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டாள். அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் தரையைக் கழுவுவதையே விட்டுவிட்டாள். கழுவிய பிறகு மண்டியிட்டுப் பழைய துணியால் ஒவ்வொரு டைலாகத் துடைத்தாள். ஒருநாள் எஃகுக் கைப்பிடி ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டச் சொன்னாள். தான் பதித்த டைலில் தானே துளை போட்டு அதை மாட்டினான். துளைக்கும் இயந்திரம் சத்தம் போட்டதால் அந்த நேரத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா போன் செய்தாள். தம்பி என்றால் உயிர். தம்பி மனைவி என்றால் கொஞ்சம் இளக்காரம். போன் ஒலிபெருக்கியில் கிடந்தது. மனைவி இரண்டடி தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தரையை ஒழுங்காக் கழுவத் தெரியலையா அவளுக்கு? உன் பொழப்பே கால்லதானேடா இருக்கு."

"விடுக்கா," என்றான்.

மனைவி தலையைத் தூக்கி அவனை நன்றியோடு பார்த்தாள். விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டானாம். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து போய்த் தாகமே இல்லாமல் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தான். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. முதல் நாள் ஆடப்போனதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். ஒரு மாதம் கழித்து, அவள் பழி சுமப்பதை ஒரு மாதம் வேடிக்கை பார்த்ததையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொய் சொன்ன நாலாவது மாதம் கால் அவனைச் சும்மா விடவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுச் சமையலறையில், முழங்காலுக்கு அட்டை கட்டி மண்டியிட்டு மூலைக் கல்லை வைத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் போனபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. நிமிரவும் மாட்டேன், மடங்கவும் மாட்டேன் என்று பாதியில் நின்றது. ஆசிரியரும் அவர் மருமகனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "எப்படிப்பா ஆச்சு?" என்றார் ஆசிரியர். "பாத்ரூம்ல..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

அன்று மனைவி கேட்கவில்லை, கூட்டிக்கொண்டே போனாள். பழைய மருத்துவமனை தூரம் என்று சாக்குச் சொல்லி வேறு இடத்துக்குப் போக வைத்தான் அவன். அந்தக் கறார் டாக்டர் முகத்தில் விழிக்கப் பயம். இங்கே ஒரு டாக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும். அவன் காலை மடக்கி வைத்து, பாதத்தின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தார். மேசையின் இழுப்பறை மாதிரி எலும்பு முன்னால் வந்தது. நல்ல காலையும் அதேபோல் இழுத்தார். அது அசையவில்லை. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எப்படி விழுந்தீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நான்தான் காரணம், டாக்டர். பாத்ரூமைக் கழுவிட்டு சோப்பு இருக்கான்னு பாக்காமப் போயிட்டேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. சொன்ன பயிற்சியெல்லாம் தவறாமச் செஞ்சார்."

டாக்டரம்மா அவளைப் பார்க்காமல் அவனையே பார்த்தார். "பாதம் ஊனி இருந்ததா? உடம்பு திரும்புச்சா?"

"சரியா ஞாபகம் இல்லைங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டாக்டரம்மா ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். வைத்த ஜவ்வு கிழிந்திருந்தது. அது போதாதென்று, எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்து ஒரு துண்டு மடிந்து நடுவில் வந்து மாட்டியிருந்தது. கால் பூட்டிக்கொள்வது அதனால்தான்.

"எனக்கு ஒண்ணுதான் இடிக்குது," என்றார். "அஞ்சரை மாசத்துல ஒருத்தர் மைதானத்துல எறங்கித் திரும்பினார்னா நல்லா வெச்ச ஜவ்வுகூடக் கிழியும். பாத்ரூம்ல சும்மா உக்காந்த மாதிரி விழுந்ததுல இப்படிக் கிழியாது. கிழிஞ்சிருக்குன்னா முதல்ல வெச்சதுலயே கோளாறான்னு பாக்கணும். மேல் எலும்புல போட்ட துளை கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கற மாதிரியும் தெரியுது. அதுதான் காரணம்னா பழைய துளையை எலும்புத்தூள் வெச்சு அடைச்சு, நாலஞ்சு மாசம் காத்திருந்து, அப்புறம்தான் புது ஜவ்வு. ரெண்டு ஆபரேஷன்."

மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்ப என்னால இல்லையா?"

"நீங்க தரையைக் கழுவினதால இது நடந்திருக்கும்னு எனக்குத் தோணலைம்மா."

நாலு மாதமாக அவள் முகத்தில் குடியிருந்த ஏதோ ஒன்று வெளியேறுவதை அவன் கண்ணால் பார்த்தான். வீட்டுக்கு வரும் வழியில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். அவனுக்கும் ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. பழி அந்தச் சின்ன டாக்டர் மேல் போகட்டும். அவளுக்கு விடுதலை, தனக்கும் விடுதலை. அந்த டாக்டருக்கு ஆயிரம் நோயாளிகள். இது ஒரு பொருட்டா? இரண்டு நாள் அந்த நினைப்பில் நிம்மதியாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கக்கூடத் தூங்கினான்.

மூன்றாம் நாள் மாலை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், அலுவலகத்தில் எழுத்தர். கடிதம் எழுதுவதில் எமகாதகர். தங்கை போனில் சொன்னதைக் கேட்டு, பழைய மருத்துவமனைக்கு ஒரு புகாரைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார். 'மருத்துவரின் பொறுப்பற்ற கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தது. கீழே டாக்டரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க மாப்ள. என் தங்கச்சி நாலு மாசமா கூனிக் குறுகிப் போயிருந்தா. இவங்களைச் சும்மா விடக்கூடாது."

பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். மைதானம் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க என்று சொன்னவரின் பெயர் அது. அத்தனை தெளிவாக அவனிடம் வேறு யாரும் எதையும் சொன்னதில்லை.

"ஒருதடவை நிதானமாப் படிச்சுப் பாத்துட்டு நாளைக்குப் போடறேன், மச்சான்."

மறுநாள் நண்பகலில் பள்ளிக்கூடத்தின் பின்மதிலை ஒட்டி நின்ற வேனைத் தேடிப் போனான். மனைவி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் சீவல், உடைந்த பொத்தான், ஒற்றைக் காலுறை. இருக்கைகள் பிள்ளைகளுக்கானவை, அவன் கால் அதற்குள் மடங்காது. கதவுப் படியிலேயே வெளியே பார்த்து உட்கார்ந்தான். அவள் முகம் தெரியாமல் இருந்தது அவனுக்கு வசதியாக இருந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

"நான் பாத்ரூம்ல விழல," என்றான்.

துடைப்பச் சத்தம் நிற்கவில்லை. "பின்ன?"

"மைதானத்துல."

சத்தம் நின்றது.

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"அதே ஞாயித்துக்கிழமைதான். ஆள் குறையுதுன்னு கோல்கீப்பர் கூப்பிட்டான். போனேன்."

"நான் உள்ள வந்தப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சாக்ஸ்ல இருந்த மண்ணைக் கழுவிட்டிருந்தேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு முழுக்க ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்த மண்ணு மறுநாள் தண்ணி போற ஓட்டையில அடைச்சிருந்தது," என்றாள். "நான்தான் தோண்டி எடுத்தேன். எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிக்கக்கூட இல்லை. யார் யாருக்குத் தெரியும்?"

"ஆடினவங்களுக்கு."

"அப்ப அவங்க வீட்டுலயும் தெரியும்."

அவள் துடைப்பத்தை இருக்கையின் மேல் சாய்த்து வைத்தாள்.

"கோல்கீப்பர் பொண்டாட்டியை மருந்துக்கடையில பாத்தேன். அவகிட்ட நின்னு நிதானமாச் சொன்னேன், என் கவனக்குறைவாலதான் இவர் கால் இப்படி ஆயிடுச்சுன்னு. அவ என் மூஞ்சியைப் பாக்காம வெயில் ஜாஸ்தியா இருக்குல்லன்னா. என்னடா இவ, கஷ்டத்தைச் சொல்றோம், காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாளேன்னு எனக்குக் கோபம். பாவம், எனக்காக அவ கூசியிருக்கா."

நிலம் பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. நிலம் அப்படியே இருந்தது.

"நீங்க ஆடப் போனதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே? அந்த ரெண்டு நாளுக்குப் பயந்தா இவ்வளவும்?"

"தப்புதான். மன்னிச்சுடு."

"எழுந்திருங்க. பிள்ளைங்க வர நேரமாச்சு."

கதவுக் கம்பியைப் பிடித்து இரண்டு தடவை முயன்றுதான் எழுந்தான். அவள் பின்னால் நின்று காத்திருந்தாள். கை கொடுக்கவில்லை.

அன்று மாலையே மச்சானுக்கும் சொன்னான். அவர் கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்தார். எப்போதும் வாசலில் நின்று கால் மணி நேரம் பேசுகிறவர், அன்று செருப்பை மாட்டியதும் போய்விட்டார். அக்காவுக்கும் போன் செய்தான். கேட்டுவிட்டு அவள் முதலில் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுக்குத் தெரியுமா? தெரியாட்டி அப்படியே விட்டுடேன்டா" என்றாள். தன் வீட்டு மூளையும் தன் மூளையும் ஒரே அச்சில் வார்த்தவைதான் என்று அவனுக்குப் புரிந்தது. "தெரியும்க்கா. நீதான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றான். அக்கா இன்னொரு நாள் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மனைவி வீட்டில் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சாப்பாடு மேசை மேல இருக்கு", "தண்ணி நாலு மணிக்கு நின்னுடும்" என்று தேவையானதைத் தேவையான அளவில் பேசினாள். பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசுகிற அதே குரல்.

டாக்டரம்மாவிடம் இந்தத் தடவை அவனே வாயைத் திறந்தான். மனைவி சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"பாத்ரூம் கதை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வரும். நீங்க லேட்டாவாவது சொன்னீங்க." பேனாவை வைத்துவிட்டு மேசை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்கால் மாதிரியைக் கையில் எடுத்தார். "இப்ப வழிகளைச் சொல்றேன். ஜவ்வை அப்படியே விட்டுட்டு, தொடைத் தசையைப் பலப்படுத்தி, மூட்டுப்பட்டை போட்டுக்கிட்டு வாழலாம். ஆட்டத்தை மறந்துடறவங்க நிறைய பேர் அப்படி நல்லாவே இருக்காங்க. ஆனா உங்களுக்குப் படியில எறங்கினாலே கால் கழலுது. மாட்டியிருக்கற துண்டையும் சும்மா விட முடியாது, அதைத் தைக்கணும். தைச்சது நிலைக்கணும்னா மூட்டு ஆடக்கூடாது. அதனால ஜவ்வையும் சேத்து வெக்கறதுதான் நல்லதுன்னு நினைக்கறேன். இன்னொரு ஸ்கேன்ல துளையை அளந்துட்டு, பழைய துளை உபயோகப்பட்டா ஒரே ஆபரேஷன். பின்பக்கத் தசைநாணை ஏற்கனவே எடுத்தாச்சு. சில பேருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழ இருந்து எடுப்போம். நீங்க என்ன வேலை?"

"டைல்ஸ் போடறேங்க."

"அப்ப அது வேணாம். மண்டி போடறப்ப அந்த இடம் உயிரை எடுக்கும். சில்லுக்கு மேல, தொடையின் முன்பக்கத்துல இருந்து எடுக்கலாம். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். ரெண்டாவது தடவை வெக்கறது முதல் தடவை அளவுக்கு வரும்னு நான் உறுதி தர மாட்டேன். இதுக்கு முன்னால ஆறு வாரம் பிசியோ. வீங்கின, வலுவில்லாத காலை நான் தொடமாட்டேன்."

பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு வேண்டும் என்றார். ஜவ்வைப் பிடிக்க உள்ளே போட்டது என்ன திருகு, எந்த அளவு என்று தெரிந்தால்தான் கழற்ற முடியும். அதற்காக அந்தச் சின்ன டாக்டரிடம் போய் நின்றான். காரணத்தைக் கேட்டார். சொன்னான். தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"அஞ்சரை மாசம்," என்றார். திட்டவில்லை. குறிப்பை அச்செடுத்துக் கொடுத்தார். "நேர்ல வந்து சொன்னதுக்கு நன்றி. பெரும்பாலும் என்னைக் குறை சொல்லிட்டுத்தான் போவாங்க."

மச்சான் பையில் எட்டாக மடிந்து கிடந்த காகிதம் நினைவுக்கு வந்தது. காகிதக்கட்டை வாங்கிக்கொண்டு அவசரமாக வெளியே வந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பேருந்து வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

துளை உபயோகப்பட்டது. ஒரே அறுவை சிகிச்சையில் ஜவ்வும் வைத்து, துண்டையும் தைத்தார்கள். ஆறு வாரம் காலை முழுதாக ஊன்றக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஆழமாக மடக்கக் கூடாது. மனைவி மருத்துவமனையில் இருந்தாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், ஊன்றுகோலின் உயரத்தைச் சரிசெய்தாள். பயிற்சியின்போது மட்டும் பக்கத்தில் உட்காரவில்லை. அவனே எண்ணினான். முப்பது வரை அழுத்தி, நடுவில் ஓர் எண் விட்டுப்போனதாகச் சந்தேகம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பித்தான். கதவுக்கு வெளியே அவள் நடமாடும் சத்தம் கேட்கும்.

ஒன்பதாவது மாதம் பிசியோ பயிற்சி தருபவர் ஒரு சோதனை வைத்தார். ஒற்றைக் காலில் தாவி எவ்வளவு தூரம் போகிறான் என்று நாடா வைத்து அளப்பது. நல்ல கால் போகிற தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது கெட்ட கால் போக வேண்டும். இடது காலில் தாவினான். வலது காலில் தாவும்போது உள்ளுக்குள் ஒரு கை பிடித்து இழுத்தது போல் தயங்கினான். மூன்று தடவை அளந்து பிசியோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"எண்பத்திரண்டு. மோசமில்லை. மண்டி போடற வேலைக்கு இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க. ஓடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி காலை நடை முடித்துச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்றாள். இத்தனை மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"எண்பத்திரண்டு."

திரும்பி அவனைப் பார்த்தாள். "உண்மையா?"

குத்திக்காட்டவில்லை. அப்படி ஒரு சாயலும் அந்தக் குரலில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினேழு வருடத்தில் அவள் அவனிடம் கேட்டிராத வார்த்தை. இனிமேல் எது சொன்னாலும் பின்னாலேயே வரப்போகிற வார்த்தை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

அவள் அதை வாங்கி, வெளிச்சம் விழும் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவன் எதிரில் நின்றுகொண்டே இருந்தான்.